சத்திரத்துக்குள் யாரை விட்டார்கள்?

(நாகர்கோவிலில் தோழர்கள் கூட்டிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வழக்கமா என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவீங்க. வாசிச்சு முடிச்சு, டீயைக் குடிச்சிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருவேன். இன்னைக்கு 'நாடு கடத்தலும் சட்டப் பாதுகாப்பும்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. ஒரு வங்கிக் கிளையில் கவுண்டரில் உட்காருகிற கிளார்க். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு பெண் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்தேன். அந்தப் பதிலைத் தேடி அலைந்ததுதான் இங்கே பேச எனக்கிருக்கிற ஒரே தகுதி.

நம்ம மாவட்டத்துல இலங்கைத் தமிழர் முகாம் நாலு இருக்கு. பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை. இந்த நாலில் ஏதாவது ஒன்றுக்குள் போய் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்கலாமென்று நினைத்தேன். சங்கடமாகிவிடும், கேட்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தியது. நல்ல காரியம். குறை சொல்லவில்லை. ஆனால் பெயர் மாறியதால் அந்த மனிதர்களின் சட்ட நிலை ஒரு நூல்கூட மாறவில்லை என்பதை நான் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த அக்கா இந்த நாலில் ஒரு முகாமிலிருந்து வருபவர். எதுவென்று சொல்லப்போவதில்லை, பெயரும் வேண்டாம். 1990-ல் ஆறு வயசுப் பிள்ளையாக மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் வந்தவர். அண்டியாபீசில் தோல் உரிக்கிற வேலை. விரலெல்லாம் பால் பட்டு வெந்து கறுத்திருக்கும், கைரேகை எந்திரம் அவருடைய விரலை எப்பவும் ஒரே தடவையில் ஏற்காது. கட்டியிருப்பது உள்ளூர்க்காரரை. கோயிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு கிடையாது. 2009-ல் பிறந்த ஒரு மகள்.

ஒருநாள் உதடு வீங்கி வந்தார். "விழுந்துட்டேன் சார்" என்றார். நானும் சரியென்று பணத்தை எண்ணிக் கொடுத்தேன். கூட்டம் குறைந்த பிறகு திரும்பி வந்து நின்றார்.

"சார், ஒரு விசயம் கேக்கவா? மகளிர் ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கலாம்னு போனேன். அவரு வழி மறிச்சு நிக்காரு. 'நீ எழுதிக் குடு. நான் கியூ பிராஞ்சுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டாப் போதும், உன்னையத் தூக்கிக் கப்பல்ல போட்டிருவானுவ. பிள்ள எங்கூட இருக்கும்'னு சொல்லுகாரு. அப்படிப் போட முடியுமா சார்?"

தபால்தலைக்கு ஐந்து ரூபாய். முப்பத்தைந்து வருசம் ஒரு பெண் இங்கே வாழ்ந்த வாழ்க்கையை ஐந்து ரூபாய்க் கடுதாசியால் பிடுங்கி எறிய முடியுமா என்பதுதான் கேள்வி. பட்டதாரி, கவிஞன், இயக்கக் கூட்டங்களில் மைக் பிடிக்கிறவன் - எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் பேப்பரில் ஒரு செய்தி. 2025 மே 19. உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனு. உபா சட்டத்தில் பத்தாண்டுத் தண்டனை பெற்றவர். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏழாண்டாகக் குறைத்து, தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்றது. மனைவியும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள், அங்கே போனால் உயிருக்கு ஆபத்து என்று அவர் மன்றாடினார். நீதிபதி தீபங்கர் தத்தா தலைமையிலான அமர்வு தள்ளுபடி செய்தது. உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துப் பார்க்க இந்தியா தர்மசாலை அல்ல, 140 கோடிப் பேரோடு நாமே திணறுகிறோம், வேறு நாட்டுக்குப் போங்கள் என்ற பொருளில் வாய்மொழியாகச் சொன்னது.

தர்மசாலை என்றால் நம்ம ஊரில் சத்திரம். அதைப் படித்ததும் எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தாள். பாட்டியின் அம்மா சத்திரத்துக்கு நெல் சுமந்து போனவள். சத்திரத்துக்கு அப்பால் கண்ட எல்லையில் சுமையை இறக்கிவைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பாளாம். திண்ணையில் வழிப்போக்கர்கள் காலை நீட்டிப் படுத்திருப்பார்களாம். நாம் சுமந்த நெல், நாம் மிதிக்கக்கூடாத திண்ணை. திருவிதாங்கூர் அரசு ஊட்டுப்புரைகளில் பிராமணர்களுக்கு அரசுச் செலவில் இலை போட்டதெல்லாம் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926-ல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-ல்தான் கோயில் நுழைவுப் பிரகடனம்.

ஆகவே 'இது சத்திரம் இல்லை' என்று ஒருவர் சொல்லும்போது மற்றவர்களுக்கு அதில் கண்டிப்பு கேட்கலாம். எனக்குக் கேட்பது வேறு. சத்திரம் இருந்த காலத்திலும் எல்லாரையும் உள்ளே விட்டதில்லை. சாவி வைத்திருந்தவன் ஆள் பார்த்துத்தான் விட்டான். 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பாருங்கள். மூன்று நாடுகள், ஆறு மதங்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறித்தவருக்குத் திண்ணை உண்டு. இலங்கை பட்டியலிலேயே இல்லை. முஸ்லிம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இல்லை.

இனி, வெளியே நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டும். இதை ஈழ ஆதரவு மேடைகள் பேசுவதில்லை, நம்முடைய மேடைகளும் போதுமான அளவு பேசவில்லை. 'இலங்கைத் தமிழர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மலையகத் தமிழர் மறைந்துபோகிறார்கள். காப்பிக்கும் தேயிலைக்கும் வெள்ளைக்காரன் இங்கிருந்து கொண்டுபோன கூலிகளில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். கங்காணி பெரும்பாலும் மேல்சாதி. பஞ்சமும் பண்ணையடிமையும் துரத்த, மண்டபத்தில் தடுப்பு முகாமில் அடைத்து மருந்தடித்து, தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். ஊர்த்தெருவில் நடக்கவிடாத தேசத்திலிருந்து தப்பித்துப் போனவர்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த மக்களின் குடியுரிமையை இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் பறித்தது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். சந்தையில் மாட்டைப் பங்கு வைக்கிறவன்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கே அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தியாவின் பங்கில் வந்தவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். நீலகிரியில் டான்டீ தோட்டம், நம்ம மாவட்டத்தில் அரசு ரப்பர் கழகம். கீரிப்பாறை, மணலோடைப் பக்கம் விடியுமுன் பால்வெட்டப் போன கைகளில் அந்தக் கைகளும் உண்டு. அக்காவின் சித்தப்பா 1979-ல் கப்பலில் வந்தவர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றார். அவர் பிள்ளைகளுக்கு ஓட்டு உண்டு, சாதிச் சான்றிதழ் உண்டு. அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்காவின் அப்பா, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து வவுனியாப் பக்கம் இறங்கிவிட்டார். இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். பாஸ்போர்ட் கைக்கு வருமுன் போர் வந்தது. 1984-ல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. 1990-ல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினார்கள். வந்து இறங்கிப் பதிந்த இடம் மண்டபம். தாத்தாவைக் கூலியாக அடைத்துவைத்த அதே மண்டபம்.

அண்ணன் தம்பி இரண்டு பேர். கப்பலில் வந்தவர் குடிமகன். வள்ளத்தில் வந்தவர், செல்லுபடியாகும் பயண ஆவணமில்லாமல் வந்ததால், சட்டத்தின் சொல்லில் 'சட்டவிரோதக் குடியேறி'. அவர் மகளும் அதுவே. 2004 டிசம்பர் 3-லிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால் பிள்ளை பிறப்பால் குடிமகன் ஆகாது. அதாவது அக்காவை அடிக்கிற அந்த மனுசன் இந்தியன். அவன் பெற்ற மகள், சட்டத்தின் எழுத்துப்படி, இந்தியப் பெண் இல்லை. 'பிள்ள எங்கூட இருக்கும்' என்று மிரட்டுகிறானே, அவனுக்கு இது தெரியாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். போட முடியுமா?

1946-ல் வெள்ளைக்காரன் போகிற போக்கில் செய்துவிட்டுப் போன வெளிநாட்டவர் சட்டம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நம்மை ஆண்டது. 1955-ல் ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டவரை வெளியேற்றும் மத்திய அரசின் அதிகாரம் வரம்பற்றது என்று சொல்லிவிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் அந்தச் சட்டம் போய்ப் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கிறது. 1920, 1939, 1946, 2000 ஆகிய நான்கு ஆண்டுகளின் சட்டங்களை ஒன்றாக்கிய சட்டம். நான் வெளிநாட்டவன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பழையதைப் போலவே குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். அகதி என்ற ஒரு வகையே அதில் இல்லை. 1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டதில்லை.

புதிய சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான நடவடிக்கையிலிருந்து விலக்கு. இது சின்ன விசயம் இல்லை. அக்கா இதற்குள் வருகிறார். ஆனால் கூர்ந்து படியுங்கள். இங்கேயே இருக்கலாம் என்ற உரிமையை அது தரவில்லை, குடியுரிமைக்குப் பாதை போடவில்லை. ஆணையால் வந்ததை இன்னோர் ஆணையால் எடுத்துவிடலாம். பண்ணையார் 'குடிசை போட்டுக்கோடா' என்று வாயால் சொன்ன இடத்தில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு, பட்டா எங்கே என்று கேட்டபோது விழித்த கதை நமக்குத் தெரியாததா?

அரசியல் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. அண்ணல் தலைமையில் எழுதப்பட்ட வரைவில் 19-வது பிரிவு 'குடிமக்கள்' என்று பேசுகிறது. 14-ம் 21-ம் குடிமகன் என்று சொல்வதில்லை, எந்த ஆளுக்கும் என்கின்றன. தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவிலும் குடிமகன் என்ற சொல் இல்லை. உச்ச நீதிமன்றம் 1996-ல் அருணாச்சலப் பிரதேச சக்மா மக்கள் வழக்கில் இந்த 21-ஐப் பிடித்துத்தான், குடிமகனோ இல்லையோ, ஒவ்வொரு மனித உயிரையும் அரசு காக்க வேண்டும் என்றது. (அந்த மக்களை வெளியேறச் சொல்லிக் கெடு வைத்தது அங்குள்ள மாணவர் சங்கம். மாணவத் தோழர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.) 1998-ல் குஜராத் உயர் நீதிமன்றம், உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 21-க்குள் அடங்கும் என்றது.

நம்ம பக்கமும் உண்டு. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு 1992-ல் அகதிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். 'விருப்பப்பட்டுப் போகிறார்கள்' என்று சொன்னார்கள். பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். விருப்பம் உண்மையா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு வழி பிறந்தது அந்த நெருக்கடியில்தான். வழக்குப் போடாமல் கிடைத்த பாதுகாப்பு இந்த நாட்டில் எதுவும் இல்லை போலிருக்கு.

ஆனால் இந்தத் தீர்ப்புகளுக்கு எதிர்ப்பக்கமும் தீர்ப்புகள் இருக்கின்றன. 2021 ஏப்ரல் 8-ல் ரோகிங்கியர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடுகடத்தப்படாமல் இருக்கும் உரிமை 19-வது பிரிவைச் சார்ந்தது, அது குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லி, உரிய நடைமுறையைப் பின்பற்றி அனுப்பலாம் என்றது. ஒரு நீதிபதி 21-ஐத் திறந்தால் இன்னொருவர் 19-ஐச் சாத்துகிறார். எந்தக் கதவு என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

வெளியில் எப்படி என்று பார்த்தேன். அமெரிக்காவை நான் புகழ வரவில்லை, ஆட்களை விலங்கு மாட்டி விமானத்தில் ஏற்றுகிற நாடு அது. அங்கேயும் 1996 சட்டப்படி, பத்து வருடம் தொடர்ந்து வாழ்ந்தவர், தன்னை அனுப்பினால் தன் குடிமகப் பிள்ளைக்கோ துணைக்கோ பெற்றோருக்கோ வழக்கத்துக்கு மீறிய கடுந்துன்பம் வரும் என்று நிரூபித்தால் நீதிபதி வெளியேற்றத்தை ரத்து செய்யலாம். வருடத்துக்கு 4,000 பேருக்கு மேல் கிடையாது. தன் சொந்தத் துன்பம் கணக்கில் வராது. கஞ்சத்தனமான சட்டம். ஆனால் அடிபடுகிற மனைவிக்கு 1994-ல் தனி வழி திறந்தார்கள். கணவனின் தயவில்லாமல், அவனுக்குத் தெரியாமலே, தன் பெயரில் தானே மனுச் செய்யலாம். மூன்று வருடம் இருந்தால் போதும், அவளுடைய துன்பமும் கணக்கில் வரும். 1996-ல் இன்னொன்று சேர்த்தார்கள். அடிக்கிறவன் கொடுக்கிற தகவலை மட்டும் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது.

இதைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். மொட்டைக் கடுதாசிக்கு அவன் ஊரில் சட்டம் எழுதிப் பதில் சொல்லியிருக்கிறான்!

நம்மிடம் என்ன இருக்கிறது? 2011 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் ஒரு வழிகாட்டு நடைமுறை அனுப்பியது. அகதி என்று சொல்லுகிற வெளிநாட்டவருக்கு இனம், மதம், பால், அரசியல் கருத்து போன்றவற்றால் துன்புறுத்தப்படும் அச்சம் இருப்பதாகத் தெரிந்தால் நீண்டகால விசாவுக்குப் பரிந்துரைக்கலாம். 'பால்' என்ற சொல் அதில் இருக்கிறது, பெண் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் சுற்றறிக்கை சுற்றறிக்கைதான். அதைக் காட்டி யாரும் கோர்ட்டில் 'என் உரிமை' என்று நெஞ்சை நிமிர்த்த முடியாது.

ஆஸ்திரேலியாவில் ஒரு தமிழ்க் குடும்பம். குவீன்ஸ்லாந்தில் பிலோயலா என்ற சின்ன ஊர், தகப்பன் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். 2018 மார்ச்சில் விடியற்காலை வந்து தூக்கினார்கள். 2019 ஆகஸ்டில் விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே தடையாணை வாங்கி டார்வினில் இறக்க வைத்தார்கள். பிறகு கிறிஸ்துமஸ் தீவில் அடைப்பு. 2022-ல் ஆட்சி மாறித்தான் ஊருக்குத் திரும்பினார்கள், நிரந்தர விசா கிடைத்தது. அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் நாலு வருசம் விடாமல் கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். நம்ம ஊரில் ஒரு முகாம் குடும்பத்துக்காக எந்த ஊர்க்கமிட்டி கூடும்? சேரிக்கே கூடாத கமிட்டி.

குடியுரிமைப் பக்கம் இரண்டு வெளிச்சம். 2019 ஜூன் 17-ல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்திய வம்சாவளியினரான முகாம் மக்கள் 65 பேர் குடியுரிமைக்குப் புதிதாக மனுச் செய்யலாம், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றார். முடிவு சொல்ல வேண்டும் என்றால் கொடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, இருந்தாலும் மலையகத்தாரின் வழக்கு வேறு வழக்கு என்று ஒரு நீதிமன்றம் கண்டுகொண்டது. மற்றது, 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யாரென்று சட்டம் பார்ப்பதில்லை. 1986-ல் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-ல் இதை வைத்துத்தான் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது அதே மதுரைக் கிளை. நாலு முகாமிலும் 1983-க்கும் 1987-க்கும் இடையில் பிறந்தவர்கள் எத்தனை பேர், பிறப்புச் சான்றிதழ் உண்டா என்று வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எடுக்க நம்ம மாணவர்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். இதற்குப் புரட்சி ஒன்றும் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005 சட்டம் 'எந்தப் பெண்ணும்' என்றுதான் சொல்கிறது, இந்தியப் பெண் என்று சொல்லவில்லை. மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கல்யாணப் பதிவு இல்லையென்று தள்ளிவிட முடியாது. வக்கீலுக்குக் காசு வேண்டாம், 1987-ன் சட்டப் பணிகள் சட்டப்படி பெண் என்றாலே இலவச உதவி உண்டு, நாகர்கோவில் கோர்ட்டில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. நீங்கள் பதிவானவர், விலக்கு ஆணைக்குள் இருக்கிறீர்கள். ஒரு மொட்டைக் கடுதாசியால் உங்களைக் கப்பலில் ஏற்ற முடியாது. ஏற்றவே முடியாது என்று எழுதிவைத்த சட்டம் இன்னும் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

எல்லாம் கேட்டார். "இதைத் தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க சார். அவருக்குக் காட்டணும்" என்றார். பணம் எடுக்கிற சீட்டின் பின்பக்கத்தில் சட்டத்தின் பெயர், வருடமெல்லாம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். என் மேசையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தார்.

"இதுல ஒரு சீல் போட்டுத் தர முடியுமா சார்?"

அது வங்கிச் சீல் அக்கா, இதுக்குப் போடக்கூடாது என்றேன்.

"சீல் இல்லாத பேப்பருக்கு அவரு பயப்படமாட்டாரே" என்று சொல்லி, அதை மடித்துப் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை சட்ட உதவி அலுவலகத்துக்கு அவரோடு போகிறோம். லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெண் தோழர் ஒருவர் கூட வந்தால் நல்லது. கூட்டம் முடிஞ்சதும் யாராவது என்கிட்ட வந்து சொல்லுங்க.